பாக்டீரியாவின் பிலி: ஒட்டிக்கொள்வதில் தொடங்கும் நோய் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிருமி என்றதும் நச்சு, காய்ச்சல், ஆன்டிபயாடிக் என்றுதான் பேச்சு போகும். ஆனால் பெரும்பாலான தொற்றுகளில் அதற்கெல்லாம் முன்பே ஒரு காரியம் நடந்தாக வேண்டும்: கிருமி உடலுக்குள் ஓரிடத்தில் ஒட்டி நிற்க வேண்டும். நின்றால்தான் பெருகும், பெருகினால்தான் நோய். அந்த ஒட்டுதலுக்குப் பல பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் கருவிதான் பிலி. நுண்ணுயிரியல் படிப்பவர்களும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்து அலுத்துப்போனவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிலி என்றால் என்ன?

பாக்டீரியாவின் மேற்பரப்பிலிருந்து வெளியே நீளும் மெல்லிய புரத இழைகள். ஒன்று என்றால் பிலஸ், பல என்றால் பிலி. ஃபிம்ப்ரியா என்றும் சொல்வார்கள். குட்டையாக, நிறைய இருப்பதை ஃபிம்ப்ரியா என்றும், நீளமாக ஓரிரண்டு மட்டும் இருப்பதை பிலி என்றும் சிலர் பிரிப்பதுண்டு. நான் எல்லாவற்றையும் பிலி என்றே எழுதுகிறேன்.

அளவைப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு ஈ.கோலி பாக்டீரியா ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளம். அதன் மேல் இருக்கும் டைப் 1 பிலஸ் ஒவ்வொன்றும் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளம் போகும்; தடிமனோ 7 நானோமீட்டர்தான். அதாவது நீளத்தில் பாக்டீரியாவுக்கே ஈடு, தடிமனில் அதன் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்பதால், எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை பிலி இருப்பதே தெரியவில்லை. நன்றாக முளைத்த ஒரு செல்லில் சில நூறு பிலி இருக்கும்.

கசையிழைக்கும் பிலிக்கும் என்ன வித்தியாசம்?

கசையிழை சுழலும், அந்தச் சுழற்சியில் பாக்டீரியா நீந்தும். பிலி சுழலாது. ஒட்டும், சில வகைகள் நீண்டு சுருங்கி இழுக்கும், சில வகைகள் மரபுப்பொருள் கடத்த உதவும். கசையிழை கிட்டத்தட்ட 20 நானோமீட்டர் தடிமன். பிலியைப்போல் மூன்று மடங்கு. பாடப்புத்தகப் படங்களில் இரண்டையும் ஒரே தடிமனில் வரைந்து, பிலியை உடம்பைச் சுற்றி நாலைந்து கோடாக இழுத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் படித்தவர்கள் பிலியை ஓர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிலி இருந்தாலே அந்த பாக்டீரியா நோய்க்கிருமியா?

இல்லை. நம் குடலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் வாழும் ஈ.கோலியிடமும் டைப் 1 பிலி உண்டு. பிலி நச்சு அல்ல, அது பிடிப்பு. அந்தப் பிடிப்பு எந்த உறுப்பில் கிடைக்கிறது, பிடித்த பிறகு கிருமியிடம் வேறென்ன ஆயுதம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நோய். மலக்குடல் பக்கத்தில் அமைதியாக இருந்த அதே ஈ.கோலி சிறுநீர்ப்பைக்கு ஏறிவிட்டால் கதை வேறு.

ஒரு பிலஸின் உள்ளமைப்பு எப்படி இருக்கும்?

மிக நன்றாக ஆராயப்பட்டது ஈ.கோலியின் டைப் 1 பிலஸ். அதை வைத்தே சொல்கிறேன்.

அதன் நீளமான தண்டு முழுக்க ஒரே புரதத்தால் ஆனது: ஃபிம்ஏ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிம்ஏ அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு இறுக்கமான சுருளாக முறுக்கிக்கொண்டிருக்கும். தண்டின் முனையில் மெல்லிய, வளையக்கூடிய ஒரு குட்டி இழை. அதில் ஃபிம்எஃப், ஃபிம்ஜி. எல்லாவற்றுக்கும் கடைசியில், வெளி உலகைத் தொடும் நுனியில், ஒரே ஒரு ஃபிம்ஹெச். பிடிக்கும் வேலை முழுவதும் இந்த ஒற்றைப் புரதத்தினுடையது. மற்ற ஆயிரமும் அதை செல்லின் மேற்பரப்பிலிருந்து தள்ளி, இலக்கை எட்டும் தூரத்தில் நிறுத்துவதற்காகவே இருக்கின்றன.

இது கட்டப்படும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு அலகும் முழுமையடையாத புரதம். மடிந்து நிலைக்க ஏழு இழைகள் வேண்டிய இடத்தில் அதனிடம் ஆறுதான் உண்டு. ஏழாவதற்கான இடம் ஒரு பள்ளமாகத் திறந்து கிடக்கும். தனியே விட்டால் அது சிதைந்துவிடும். அதனால் ஃபிம்சி என்ற துணைப்புரதம் வந்து தன்னுடைய இழை ஒன்றைத் தற்காலிகமாக அந்தப் பள்ளத்தில் செருகித் தாங்குகிறது. பிறகு அலகை வெளிச்சவ்வில் துளைபோல் அமைந்திருக்கும் ஃபிம்டி என்ற வாயில்புரதத்திடம் கொண்டு சேர்க்கிறது. அங்கே அடுத்து வரும் அலகு தன் முனையிலுள்ள நீட்சியை அதே பள்ளத்தில் நுழைக்க, துணைப்புரதம் விலகிக்கொள்கிறது. இப்படி ஒவ்வொரு அலகும் தனக்கு முந்தைய அலகின் குறையை நிரப்பிக்கொண்டே போவதால்தான் பிலஸ் அறுந்துவிடாமல் நிற்கிறது. இந்த ஏற்பாட்டைப் படிக அமைப்பாக நேரில் காட்டிய ஆய்வுகள் 1999-ல் வந்தன.

முதலில் வெளியே வருவது ஃபிம்ஹெச், அதைத் தொடர்ந்து மற்றவை. ஆகவே நுனி முதலில், அடி கடைசியில். இதற்கு ஏடிபி என்ற எரிபொருள் தேவையில்லை. அலகுகள் சேரும்போது கிடைக்கும் நிலைத்தன்மையே இழையை முன்னால் தள்ளிவிடுகிறது.

நுனிப் புரதம் எதைப் பிடிக்கிறது?

சர்க்கரையை. நம் செல்களின் மேற்பரப்பில் புரதங்களோடும் கொழுப்புகளோடும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிம்ஹெச் பிடிப்பது அவற்றின் முனையிலிருக்கும் மானோஸை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈ.கோலியைத் திரவ ஊடகத்தில் ஆட்டாமல் அசைக்காமல் இரண்டு நாள் வளர்க்க வேண்டும். மேற்பரப்பில் மெல்லிய ஆடை ஒன்று படரும். பிலி உள்ள செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆக்ஸிஜன் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அதில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கினிப் பன்றியின் சிவப்பணுக் கரைசல் ஒரு சொட்டு கலந்து தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், சீராக இருந்த சிவப்பு சில நிமிடங்களில் திரிதிரியாகப் பிரியும். ஒவ்வொரு பாக்டீரியாவும் பல சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றாகக் கட்டிவிட்டது. இதே சோதனையை மானோஸ் சேர்த்துச் செய்தால் திரியே வராது. பிலியின் நுனிகள் எல்லாம் கரைந்திருக்கும் மானோஸைப் பிடித்துக்கொண்டு நிரம்பிவிட்டன. சிவப்பணுவைப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. டுகுயிட் குழுவினர் 1955-ல் பிலியையும் இந்தத் திரிதலையும் தொடர்புபடுத்தினார்கள். மனிதச் சளிச்சவ்வுச் செல்களில் ஈ.கோலி ஒட்டுவதும் மானோஸ் வழியாகத்தான் என்பது 1977-ல் தெரிய வந்தது.

சிறுநீர் கழிக்கும்போது கிருமி அடித்துக்கொண்டு போய்விடாதா?

போக வேண்டியதுதான். ஒட்ட முடியாத கிருமி பெரும்பாலும் போயும்விடுகிறது. சிறுநீரின் ஓட்டம் உடலின் மிகப் பழைய, மிக எளிய பாதுகாப்பு.

ஆனால் ஃபிம்ஹெச்சின் பிடி வழக்கமான பசை போன்றதல்ல. வழக்கமான பிணைப்பு இழுத்தால் தளரும். இது இழுக்க இழுக்க இறுகும், சுருக்கு முடிச்சைப் போல. இப்படி விசையில் இறுகும் பிடி ஈ.கோலிக்கு உண்டு என்று 2002-ல் காட்டினார்கள். காரணம் அந்தப் புரதத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. ஃபிம்ஹெச்சுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று மானோஸைப் பிடிப்பது, மற்றது பிலஸோடு இணைவது. இரண்டும் நெருங்கியிருக்கும்போது பிடிக்கும் பகுதி தளர்ந்த வடிவில் இருக்கிறது. சிறுநீர் ஓடி, பாக்டீரியா இழுபட்டதும் இரண்டும் விலகுகின்றன; உடனே பிடிக்கும் பகுதி உருமாறி மானோஸை இறுக மூடிக்கொள்கிறது. பிடிப்பு பல மடங்கு உயரும்.

ஓட்டம் நின்றால் பிடி மீண்டும் தளரும். அதனால் கிருமிக்கு இன்னொரு வசதி: அமைதியான நேரத்தில் மேற்பரப்பில் மெல்ல நகர்ந்து இடம் தேடலாம், வெள்ளம் வரும்போது கெட்டியாக நிற்கலாம். கூடவே தண்டின் சுருளும் விசையில் அவிழ்ந்து பிலஸை நீளச் செய்கிறது. இழுப்பு நுனியில் திடீரெனப் பாயாமல் வழியிலேயே தணிந்துவிடும். விசை நீங்கினால் தண்டு திரும்பச் சுருண்டுகொள்ளும்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது?

சிறுநீர்ப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் பெரிய தட்டைச் செல்களின் மேல் யூரோபிளேக்கின் என்ற புரதங்கள் தளம் பாவியதுபோல் நிறைந்திருக்கும். அவற்றில் யூரோபிளேக்கின் 1ஏ மானோஸ் தாங்கியது. ஃபிம்ஹெச்சுக்கு அதுதான் இலக்கு. பிடி கிடைத்தபின் ஃபிம்ஹெச் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அது செல்லுக்குள் சமிக்ஞைகளைத் தூண்டி, செல் தானே கிருமியை உள்ளே விழுங்கும்படி செய்துவிடுகிறது. உடலின் எதிர்வினை உக்கிரமானது: தொற்றிய செல்களையே உதிர்த்துச் சிறுநீரோடு தள்ளிவிடும். நல்ல உத்திதான். ஆனால் மேலடுக்கு உதிர்ந்ததும் அடியிலுள்ள இளஞ்செல்கள் திறந்துபோகின்றன. கிருமிக்கு அங்கேயும் புக வழி கிடைக்கிறது.

செல்லுக்குள் புகுந்த ஈ.கோலி அங்கேயே நெருக்கமான கூட்டமாகப் பெருகுவதை எலிகளில் 2003-ல் விவரித்தார்கள். பிற்பாடு சிறுநீர்ப்பைத் தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் அத்தகைய கூட்டங்கள் தென்பட்டன. மருந்து எடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம் என்று வந்த பிறகும் சில வாரங்களில் அதே கிருமியே திரும்பி வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாருக்கும் இதுவேதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். குடலிலிருந்து புதிதாக ஏறி வருவதும் நிறைய.

அப்படியானால் சிறுநீரகம் வரை போவது எப்படி?

அங்கே வேறு பிலி. சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலி பலவற்றிடம் பி வகை பிலி இருக்கும். அமைப்பு டைப் 1 போலவேதான். நுனிப் புரதம் மட்டும் வேறு, பேப்ஜி என்பது. அது மானோஸைக் கண்டுகொள்ளாது. இரண்டு கேலக்டோஸ் குறிப்பிட்ட விதத்தில் இணைந்திருக்கும் சர்க்கரைக் கூட்டை, அதுவும் சிறுநீரகச் செல்களில் நிறைந்திருக்கும் ஒருவகைக் கொழுப்பில் இருப்பதை, பிடிக்கிறது. மனிதச் சிவப்பணுக்களிலும் பி (P; ஏ, பி, ஓ வரிசையின் பி அல்ல) இரத்தவகையின் பகுதியாக அதே கூடு உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு அந்தச் சர்க்கரையே இருக்காது. அவர்களுடைய சிவப்பணுக்களை இந்த பிலியால் திரிக்க முடியாது. ஒரே கிருமி இனம். நுனியில் ஒரு புரதம் மாறினால் போய்ச் சேரும் உறுப்பே மாறிவிடுகிறது.

உடல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டா இருக்கும்?

இருக்காது. சிறுநீரகம் யூரோமோடுலின் என்ற புரதத்தைத் தொடர்ந்து சிறுநீரில் விடுகிறது. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். அதன்மேல் மானோஸ் நிறைந்த சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. ஃபிம்ஹெச் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட இழைகளாக மிதக்கும் யூரோமோடுலின் கிருமிகளைத் திரட்டி வெளியே கொண்டுபோய்விடும். யூரோமோடுலின் இல்லாத எலிகளுக்கு ஈ.கோலித் தொற்று எளிதில் பற்றுகிறது.

வெள்ளையணுக்களின் மேலும் மானோஸ் உண்டு. ஆகவே பிலியோடு அலையும் பாக்டீரியா தன்னை விழுங்க வரும் செல்லையும் தானே பிடித்துக் கொடுக்கிறது. இந்த ஆபத்துக்கு ஈ.கோலி கண்ட வழி, பிலியை அணைத்துப் போடுவது. டைப் 1 பிலி மரபணுக்களுக்கு முன்னால் 314 கார இணை நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. அது ஒரு திசையில் இருந்தால் பிலி உருவாகும். தலைகீழாகத் திரும்பினால் உருவாகாது. ஃபிம்பி, ஃபிம்ஈ என்ற இரண்டு நொதிகள் அதைத் திருப்புகின்றன. ஃபிம்பி இருபுறமும் திருப்பும், ஃபிம்ஈ பெரும்பாலும் அணைக்கும் பக்கம். ஆகவே எந்த நேரத்திலும் ஒரு கூட்டத்தில் சில செல்கள் பிலியோடும், சில இல்லாமலும் இருக்கும். எந்தச் சூழல் வந்தாலும் யாராவது தப்பிப்பார்கள்.

டைப் 4 பிலி என்று ஒன்று சொல்கிறார்களே?

அது முற்றிலும் வேறு இயந்திரம். கொனோரியா (பாலுறவால் பரவும் வெட்டை நோய்), மூளையுறை அழற்சி ஆகியவற்றின் நைசீரியா கிருமிகள், சூடோமோனாஸ், காலரா கிருமி, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ஒருவகை ஈ.கோலி, எல்லாவற்றிடமும் இதன் ஏதோ ஒரு வடிவம் உண்டு.

டைப் 1 பிலஸ் கட்டி முடித்தால் முடிந்தது. டைப் 4 பிலஸ் நீளும், சுருங்கும், மறுபடி நீளும். அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மோட்டார் புரதம் ஏடிபியை எரித்து அலகுகளைச் சேர்க்கும். பில்டி என்ற இன்னொரு மோட்டார் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சவ்வுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும். நுனி எதையாவது பிடித்திருக்கும்போது அடியில் கழற்றினால் பாக்டீரியா முன்னோக்கி இழுபடும். இப்படித்தான் கசையிழையே இல்லாத கிருமியும் பரப்பின்மேல் தத்தித் தத்தி ஊர்கிறது. சுருங்குவதால்தான் இந்த நகர்வு என்பதை கொனோரியா கிருமியை லேசர் பொறியில் பிடித்துவைத்து 2000-ல் நேரடியாகக் காட்டினார்கள். ஒற்றை பிலஸின் இழுவிசை 100 பிகோநியூட்டனைத் தாண்டும். கேட்கச் சின்ன எண். ஆனால் அந்தக் கிருமியின் சொந்த எடையைவிடப் பல்லாயிரம் மடங்கு.

ரத்தத்தில் புகுந்த மூளையுறை அழற்சிக் கிருமி நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பற்றுவதும் இதே பிலியால்தான். தோலில் ஊதா நிறத் திட்டுகள் படர்வதற்கு முன்கதை அங்கே இருக்கிறது.

கொனோரியா ஒருமுறை வந்தவருக்கே மறுபடி ஏன் வருகிறது?

இதற்குப் பதில் சொல்ல 1963-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் கெல்லாக் என்பவரும் சகாக்களும் கொனோரியா கிருமியைத் தட்டில் வளர்த்தபோது நான்கு வகைக் காலனிகளைப் பிரித்தறிந்தார்கள். நோயாளியிடமிருந்து எடுத்த புதிதில் காலனிகள் சிறியவை, மேடானவை, விளிம்பு கூர்மையானவை. கவனிக்காமல் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே போனால் பெரிய, தட்டையான காலனிகள் ஆக்கிரமித்துவிடும். பார்த்துப் பார்த்துச் சிறியவற்றையே பொறுக்கி வளர்த்தால் கிருமி தன் வீரியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். முன்வந்த ஆண்களுக்கு அதைக் கொடுத்தபோது நோய் வந்தது. வித்தியாசம் எங்கே என்று அப்போது தெரியவில்லை. 1971-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்: சிறிய காலனிகளின் செல்களில் பிலி, பெரியவற்றில் இல்லை.

எனவே பிலியை எதிர்த்து எதிர்ப்பொருள் உருவானால் போதும் என்று தோன்றும். கிருமி அதற்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது. தண்டின் புரதத்துக்கு இயங்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் அதே மரபணுவின் அரைகுறைப் பிரதிகள் பல, இயங்காமல் கிடக்கின்றன. அவற்றிலிருந்து துண்டு துண்டாக எடுத்து இயங்கும் மரபணுவில் பதித்துக்கொண்டே இருக்கும். நம் உடல் ஒரு பிலியைப் படித்துப் பழகுவதற்குள் கிருமி வேறு பிலி போட்டிருக்கும்.

காலராவுக்கும் பிலிக்கும் என்ன சம்பந்தம்? அது நச்சால் வரும் நோய் அல்லவா?

நச்சால்தான். ஆனால் நச்சைச் சுரக்கக் கிருமி சிறுகுடலில் தங்க வேண்டுமே. காலரா கிருமியின் டைப் 4 பிலி 1987-ல் அடையாளம் காணப்பட்டது. நச்சு உற்பத்தியைத் தொடங்கும் அதே கட்டுப்பாடு இந்த பிலியையும் தொடங்கி வைக்கிறது. இந்த பிலி குடல் சுவரைப் பிடிப்பதைவிடக் கிருமிகள் ஒன்றையொன்று பிடித்துச் சிறு கூட்டமாகத் திரள்வதற்கே அதிகம் பயன்படுகிறது. அது இல்லாத கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குடலில் நிலைக்கவில்லை; அந்த முடிவு 1988-ல் வெளியானது.

இன்னும் விசித்திரமானது 1996-ல் தெரிந்தது. காலரா நச்சின் மரபணு கிருமியின் சொந்தச் சரக்கே அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி? இதே பிலி. ஒட்டுவதற்கான உறுப்பு வழியாகவே ஆயுதமும் வந்து சேர்ந்திருக்கிறது.

விலங்குகளிலும் இப்படி உண்டா?

பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குதான் இத்துறையின் மிகத் தெளிவான சாட்சி. கே88 என்ற பிலியுள்ள ஈ.கோலி குட்டிகளைக் கொல்லும். அந்த பிலியை இழந்தால், நச்சுச் சுரக்கும் திறன் இருந்தும், நோய் வருவதில்லை என்று 1971-ல் காட்டினார்கள். மறுபுறம், அந்த பிலி பிடிக்கும் ஏற்பி பிறவியிலேயே இல்லாத பன்றிகளும் உண்டு. அவற்றுக்கு நோய் வராது.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கு பிலி கிடையாது என்று படித்த ஞாபகம்.

பழைய பாடம். (கிராம் பாசிட்டிவ் என்பது வெளிச்சவ்வு இல்லாத, தடித்த செல்சுவர் கொண்ட வகை.) 2003-ல் டிப்தீரியா கிருமியில் பிலி கட்டப்படும் முறை விளக்கப்பட்டது. அதன் பிறகு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் பலவற்றில் வரிசையாகக் கண்டுபிடித்தார்கள். இங்கே அலகுகளைக் கோப்பது சார்டேஸ் என்ற நொதி. பள்ளத்தில் செருகும் வேலையெல்லாம் இல்லை. வேதிப்பிணைப்பு போட்டு நிரந்தரமாக இணைத்துவிடும். சோப்புக் கரைசலில் கொதிக்க வைத்தாலும் பிரியாது. தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பிலி அலகுகளுக்கு உள்ளேயும் அதேபோன்ற குறுக்குப் பிணைப்புகள் இருப்பது 2007-ல் தெரிந்தது. 2 முதல் 3 நானோமீட்டர் தடிமனில் இழை அறாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸில் எல்லா வகைகளுக்கும் பிலி இல்லை; இல்லாதவையும் நோய் உண்டாக்குகின்றன. ஆகவே அங்கே அது கூடுதல் வசதி மட்டுமே.

ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் பரவுவதிலும் பிலிக்குப் பங்கு உண்டாமே?

பெரிய பங்கு. எஃப் பிலஸ் போன்றவை ஒரு பாக்டீரியாவிலிருந்து நீண்டு மற்றொன்றைத் தொட்டு, பின் சுருங்கி இரண்டையும் நெருக்கும். அந்தச் சேர்க்கையில் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) ஒற்றை இழையாகக் கடந்து போகும். பிளாஸ்மிடில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் இருந்தால் ஒரே சந்திப்பில் நாலைந்து மருந்துகளுக்கு எதிர்ப்பு கிடைத்துவிடும். இனம் விட்டு இனமும் தாண்டும். ஜப்பானில் 1950-களின் இறுதியில் ஷிகெல்லா சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு மசியாமல் போனதை ஆராய்ந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பிலஸின் உட்குழாய் வழியாகவே டிஎன்ஏ போகுமா, அல்லது செல்கள் நெருங்கிய பிறகுதான் போகுமா என்று நெடுநாள் சண்டை இருந்தது. நெருக்கமே வழக்கம், நீண்ட பிலஸ் வழியாகத் தொலைவிலிருக்கும் செல்லுக்கும் போக முடியும் என்று 2023-ல் காட்டினார்கள்.

சிறுநீர்க் குழாய் வைத்தவர்களுக்குத் தொற்று அதிகம் வருவது இதனாலா?

ஒரு பகுதி. குழாய் உரசுவதால் சிறுநீர்ப்பையில் லேசான காயமும் அழற்சியும் உண்டாகி, ரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜென் புரதம் கசிந்து குழாயின்மேல் படியும். என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா தன் பிலியால் அந்தப் படிவைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்படலம் (பாக்டீரியாக்கள் சேர்ந்து வாழும் பசைப் படிவு) கட்டும். தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுங்கள் என்று செவிலியர்கள் வற்புறுத்துவதற்கு நியாயம் இருக்கிறது.

பிலிக்கு எதிராகத் தடுப்பூசி போட முடியாதா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது. சினைப்பன்றிகளுக்கு கே88 தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்குப் பாதுகாப்பு போகிறது. ஐந்து கூறுகள் கொண்ட கக்குவான் இருமல் தடுப்பூசியில் இரண்டு அந்தக் கிருமியின் ஃபிம்ப்ரியா புரதங்கள்தான்.

கொனோரியாவில் கதை தோல்வி. சுத்திகரித்த பிலியால் ஆன தடுப்பூசியைக் கொரியாவிலிருந்த அமெரிக்கப் படையினரிடம் சோதித்தார்கள். 1991-ல் வெளியான முடிவு, பாதுகாப்பு ஏதும் இல்லை என்பது. எதிர்ப்பொருள் உருவாகத்தான் செய்தது, ஆனால் வேடம் மாற்றும் கிருமியை அது துரத்திப் பிடிக்க முடியவில்லை. தண்டை விட்டுவிட்டு நுனியைக் குறிவைப்பதே மேல் என்பது என் கருத்து. நுனி தன் சர்க்கரையைப் பிடித்தாக வேண்டும். இஷ்டத்துக்கு மாற முடியாது. ஃபிம்ஹெச் தடுப்பூசி குரங்குகளில் நம்பிக்கை தந்தது. ஆனால் சிறுநீர்ப்பையின் உள்ளே போதிய எதிர்ப்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான வேலையல்ல.

டி-மானோஸ் பொடி, கிரான்பெர்ரி எல்லாம் பலிக்குமா?

தகட்டில் மானோஸ் சேர்த்ததும் திரிதல் நின்றது அல்லவா? அதே தர்க்கத்தில்தான் டி-மானோஸ் விற்கப்படுகிறது. தர்க்கம் அழகானது, விளைவு ஏமாற்றம். பிரிட்டனில் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் 598 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் டி-மானோஸோ போலிப் பொடியோ கொடுத்த ஆய்வு 2024-ல் வெளியானது. சந்தேகத் தொற்றுக்காக மீண்டும் மருத்துவரிடம் போனவர்கள் மானோஸ் எடுத்தவர்களில் 51.0 சதவீதம், எடுக்காதவர்களில் 55.7 சதவீதம். அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. காசு கொடுத்து வாங்க நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

கிரான்பெர்ரிக்கு ஆதாரம் சற்று மேல். 2023-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வாய்ப்பைக் குறைப்பதாகச் சொல்கிறது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை. அதிலுள்ள ஒருவகை டானின், பி வகை பிலி ஒட்டுவதைத் தடுக்கிறது. இது வராமல் தடுக்க உதவலாம் என்பதோடு சரி. காய்ச்சல், விலாவில் வலி, குளிர் நடுக்கம் என்றால் பழச்சாறு குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

பிலியைத் தடுக்கும் மருந்து ஏதாவது வருகிறதா?

இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று மானோசைடுகள்: மானோஸோடு வேதி வால் ஒன்றைச் சேர்த்து, சாதாரண மானோஸைவிடப் பல நூறு மடங்கு இறுக்கமாக ஃபிம்ஹெச்சில் பொருந்தும்படி செய்த மூலக்கூறுகள். எலிகளில் நன்றாக வேலை செய்கின்றன. மற்றொன்று பிலிசைடுகள்: துணைப்புரதத்தின் வேலையைக் கெடுத்து, பிலி கட்டப்படாமலே செய்பவை. இவை கிருமியைக் கொல்வதில்லை. பிடியை மட்டும் பறிக்கின்றன. அதனால் எதிர்ப்புத்திறன் மெதுவாகவே உருவாகும் என்பது எதிர்பார்ப்பு. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களும் தப்பிக்கும். எதிர்பார்ப்பு நியாயமானது, மனிதர்களில் பெரிய அளவில் நிரூபணமாகும்வரை அது எதிர்பார்ப்புதான்.

என் சிறுநீர் கல்ச்சர் அறிக்கையில் பிலி பற்றி எதுவும் இல்லையே?

இருக்காது. அறிக்கையில் கிருமியின் பெயர், எண்ணிக்கை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியல் மட்டுமே வரும். பிலி எந்த வகை என்று தெரிந்தாலும் இன்றைய சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால் ஆய்வகங்கள் அதைச் சோதிப்பதில்லை. தவிர, தட்டில் வளர்ந்த ஈ.கோலி பெரும்பாலும் பிலியை அணைத்துவிட்டிருக்கும். அதைச் சோதித்தால் உங்கள் சிறுநீர்ப்பையில் அது எப்படி இருந்தது என்பதும் தெரியாது.